ஒரே கட்டத்தில் மேல்மடையும் கடைமடையும்

அக்டோபர் 27

மழை விட்டுவிட்டது. மக்காச்சோளம் முழங்காலைத் தாண்டி நிற்கிறது. விடிந்ததும் மேலுரம் போட்டு முடித்துவிட்டு, குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். மஞ்சணத்தியாறு அணைப் பாசனக் கூட்டம். சங்கத் தலைவர் என்பதால் முதல் வரிசையில் நாற்காலி.

இந்த வருஷம் புது ஏற்பாடு. யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அவர்கள் பக்கம் மடை திறக்கிற பழக்கம் இனிக் கிடையாதாம். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சேட்டிலைட் பார்த்துச் சொல்லும். அந்தக் கணக்கை வைத்து அணையைத் திறப்பார்கள், மூடுவார்கள். திட்டத்தின் தலைமை விஞ்ஞானி என்று சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். எழுந்து வந்தது வடிவு.

முனைவர் சண்முகவடிவு. என் கூடப் பிறந்தவள். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். ஐதராபாத்தில் இருந்தவளை இந்தத் திட்டத்துக்காக நம்ம பக்கமே அனுப்பியிருக்கிறார்கள். வருவாள் என்று தெரியும். மேடையில் இத்தனை பெரிய அதிகாரிகளுக்கு நடுவில் உட்காருவாள் என்று தெரியாது. “சங்கத் தலைவர் அவர்களே” என்று என்னைப் பார்த்துச் சொல்லித்தான் ஆரம்பித்தாள். ஈரமான மண் ஒரு மாதிரியும் காய்ந்த மண் ஒரு மாதிரியும் வானத்துக்கு அலை அனுப்பும், சேட்டிலைட் அதைப் பிடித்து எத்தனை பங்கு ஈரம் என்று சொல்லும் என்றாள். பின்வரிசையில் இருந்தவனுக்கும் விளங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு மரியாதைக்கு.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “அண்ணே, நான் டவுன்ல லாட்ஜ்ல தங்கியிருக்கேன். வேலை முடியுறவரைக்கும் வீட்டுக்கு வரல. தப்பா நினைக்காத.”

“நான் என்னத்த நினைக்கப்போறேன்” என்றேன்.

வீட்டில் என் மனைவி முப்பிடாதி அவளுக்காகக் கூட்டாஞ்சோறு கிண்டி வைத்திருந்தாள். நானே இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை.

நவம்பர் 3

படைப்புழுவுக்கு மருந்து அடித்தோம். முதுகு விண்விண் என்று தெறிக்கிறது.

லாட்ஜில் தண்ணீர் உப்பாம். பாசன உதவிப் பொறியாளர் பெனடிக்ட் சார் பேச்சுவாக்கில் சொன்னார். டவுனுக்கு ஒரு வேலையாகப் போனபோது ஒரு கேன் நல்ல தண்ணீரை லாட்ஜ் வரவேற்பில் வைத்துவிட்டு வந்தேன். முப்பிடாதி சொன்னதால்.

நவம்பர் 9

அணையைப் பத்து நாளைக்கு மூடச் சொல்லிவிட்டார்கள். மண்ணில் ஈரம் போதுமாம். கால்வாயின் தலைப்பில் இருக்கிற மேல்மடை, வால்பக்கம் இருக்கிற கடைமடை இரண்டுக்கும் தண்ணீர் கிடையாது.

டீக்கடையில் உட்கார முடியவில்லை. மேல்மடையில் நாற்று நட்டவர்கள் ஒரு பக்கம், எங்கள் கடைமடையில் சோளம் போட்டவர்கள் ஒரு பக்கம். இரண்டு கோஷ்டியும் ஒன்றாக நின்று பேசியதை என் ஆயுசில் இன்றுதான் பார்த்தேன். வடமலைப்பேரி குத்தாலிங்கம் அண்ணாச்சி, மேல்மடையில் நிறைய நிலம் வைத்திருக்கிற சம்சாரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “ஏவே பெருமாளு, ஒன் தங்கச்சி வானத்துல ஏறி நின்னுக்கிட்டு நம்ம மடையை அடைக்கா.”

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன்.

“ஏட்டி, படத்தைப் பாத்து மடையை அடைக்கச் சொல்லுதியே, பயிரு படத்துலயா நிக்குது?”

“அண்ணே, மம்பட்டிய எடுத்து ஒரு அடி தோண்டிப் பாரு. பெறவு பேசு.”

“நான் முப்பது வருசமா தோண்டுதேன்.”

“இன்னைக்குத் தோண்டுனியா?”

போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 10

தோண்டவில்லை.

நவம்பர் 12

எலி வளை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க நடு வயலில் கொஞ்சம் தோண்டினேன். மேல் மண் பொரபொரவென்று இருந்தது. ஓர் அடிக்குக் கீழே போனதும் கரிசல் மாவு பிசைந்த மாதிரி கையில் உருண்டது. எலி வளை இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. முப்பிடாதி மட்டும் கையைப் பார்த்துவிட்டு, “எலி இருந்துச்சா?” என்று கேட்டாள்.

நவம்பர் 20

இன்று காலையில் அணை திறந்தார்கள். ஒரு செடி வாடவில்லை. தோகை கறுகறுவென்று இருக்கிறது. மேல்மடை நாற்றும் பச்சை பிடித்துவிட்டது. பத்து நாள் மூடியதில் அணையில் மிச்சமான தண்ணீரைப் பெனடிக்ட் சார் அளவு சொன்னார். கத்தியவர்கள் எல்லாருமே இன்று வேறு பேச்சு பேசினார்கள்.

“திட்டம் ஒண்ணும் மோசமில்ல” என்றேன் நான், பொதுவாக.

நவம்பர் 28

பேப்பரில் வடிவு படம் வந்திருக்கிறதாம். நான் பேப்பர் வாங்குகிறவன் இல்லை. நாலாம் பக்கம், இடது கை மூலையில், அணைக்கட்டு மேல் நிற்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள். தலைமுடி காற்றில் பறக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம்.

மூன்று பிரதி வாங்கினேன். வெங்காயம் காயப்போட விரிப்பதற்கு.

டிசம்பர் 4

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கார்த்திகை மாதத்தில் சித்திரை வெயில். நவம்பர் தொடக்கத்தில் நின்ற மழை நின்றதுதான்.

சோளம் பூ எடுத்துக் கதிர் பிடிக்கிற நேரம். இப்போது ஈரம் இல்லாவிட்டால் கதிரில் மணி ஏறாது, சக்கைதான் மிஞ்சும். மத்தியானம் வயலுக்குப் போனால் தோகை எல்லாம் பீடி இலை மாதிரிச் சுருண்டு நிற்கிறது. சாயங்காலம் விரிகிறது, மறுநாள் திரும்பச் சுருள்கிறது.

சேட்டிலைட் கணக்கு வந்திருக்கிறது. அணைப் பாசனம் முழுக்க ஈரம் போதுமாம். மேல்மடை நெல்லுக்கு மட்டும் வழக்கம்போலத் தண்ணீர் போகிறது. எங்கள் கிளைக் கால்வாய்க்கு இப்போதைக்குத் தேவையில்லையாம்.

டிசம்பர் 6

கடைமடைக்காரர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். “தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்” என்கிறார்கள். சங்கத் தலைவர் போனில் தங்கையைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் சொன்னால் அவள் பெயர் என்னாவது? முறைப்படி மனு எழுதிப் பெனடிக்ட் சாரிடம் கொடுத்தேன். அவர் மேலே அனுப்பியிருக்கிறார்.

“மனு போய்ச் சேருறதுக்குள்ள பயிரு போய்ச் சேந்துரும். ஒரு போன் போடுங்களேன்” என்றாள் முப்பிடாதி.

“போட மாட்டேன்.”

“ரோசமா?”

“ரோசம் இல்ல. முறை.”

அவள் தன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கோழி அடைக்கப் போயிருப்பாள்.

டிசம்பர் 7

காலையில் வயலுக்குப் போனால், எனக்கு முன்னால் வடிவு அங்கே நிற்கிறாள். கையில் மண் எடுக்கிற இரும்புக் குழாய். கூட யாருமில்லை. ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறாள். பேன்ட் முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது.

“எப்ப வந்த?”

குழாயை அமுக்கிச் சுழற்றி வெளியே எடுத்தாள். தட்டினாள். தூள்தான் விழுந்தது. இன்னும் கீழே விட்டாள். அங்கேயும் தூள். பக்கத்து வயலுக்குப் போனாள். அதற்கும் அடுத்ததற்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். எல்லா இடத்திலும் அதே மண்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் அந்தத் தூளை வைத்து விரலால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

“என் கணக்கு தப்பு அண்ணே” என்றாள்.

“போன மாசம் சரியாத்தான இருந்துச்சு?”

“போன மாசம் மழை பெய்ஞ்சு எல்லா இடமும் ஒண்ணுபோல நனைஞ்சிருந்துச்சு. இப்ப அப்பிடி இல்ல.” மண்ணில் விரலால் ஒரு பெரிய சதுரம் போட்டாள். “என் சேட்டிலைட்டு பாக்குறது இந்த மாதிரிப் பெரிய பெரிய கட்டமா. மேல்மடை வயல்ல தண்ணி கெட்டி நிக்குது. கடைமடை காஞ்சு கெடக்கு. ரெண்டும் ஒரே கட்டத்துக்குள்ள விழுது. அது ரெண்டையும் கலந்து ஒரு எண்ணு குடுக்கு. அந்த எண்ணு ‘போதும்’னு சொல்லுது. யாருக்குப் போதும்?”

“வேற வழி இல்லியா?”

“இருக்கு. இன்னொரு சேட்டிலைட் வயல் வயலாப் பாக்கும். ஆனா அது தினமும் வராது. பயிரு உயரமா நின்னா எலையையும் மண்ணையும் பிரிச்சுப் பாக்கத் தடுமாறும். அதனால பெரிய கட்டத்தையே நம்பிட்டேன். ரெண்டையும் சேத்து, மண்ணை எடுத்துப் பாத்து, கணக்கைத் திருத்தணும்.” எழுந்து நின்றாள். “ஒரு வாரம் தாங்குமா?”

இந்தத் தடவை கணக்கை என்னிடம் கேட்டாள். நான் சோளத்தைப் பார்த்தேன். “தாங்கும்” என்றேன். தாங்குமா என்று எனக்கே தெரியாது.

டிசம்பர் 11

ஜீப் போகாத வரப்புகளுக்கு என் பைக்கில்தான் வடிவை ஏற்றிக்கொண்டு போகிறேன். மேல்மடை, நடுமடை, கடைமடை என்று ஒரு வயல் பாக்கியில்லை. விடியற்காலையில் சேட்டிலைட் தலைக்கு மேல் போகிற நாளில் எல்லா இடத்திலும் மண் எடுத்தாக வேண்டுமாம். அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகள் வேறு பக்கம் ஓடினார்கள்.

மேல்மடைக்காரர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அண்ணன் வண்டி ஓட்ட, தங்கை மண் அள்ள. அவர்கள் பேசுவது காதில் விழுகிறது. அவளுக்கும் விழுந்திருக்கும்.

“ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியாவது வீட்ல வந்து குடிச்சிட்டுப் போயேன்” என்றேன்.

“பதினாலாம் தேதிக் கூட்டம் முடியட்டும்ணே.”

டிசம்பர் 14

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பாசனக் கூட்டத்துக்குப் பெரிய இன்ஜினியர் வந்திருந்தார். மேல்மடை ஆட்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். வடிவு எழுந்து, சுற்றி வளைக்காமல், “இந்த மாசம் நான் கொடுத்த ஈரக் கணக்கு கடைமடைக்குத் தவறு. பொறுப்பு என்னுடையது” என்றாள். நானும் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். பழியை மேலே இருக்கிறவர் மீது போடுவார்கள், கீழே இருக்கிறவர் மீது போடுவார்கள், மழை மீது போடுவார்கள். இந்த மாதிரி ஒரு சொல்லை எந்த அதிகாரி வாயிலும் கேட்டதில்லை.

பிறகு திருத்திய படத்தைத் திரையில் போட்டாள். போன தடவை ஒரே பச்சையாக இருந்தது. இப்போது மேல்மடை நீலம், நடுமடை பச்சை, எங்கள் பக்கம் செம்மண் நிறம். நெல் வயலில் நிற்கிற தண்ணீர் இன்னும் சில நாள் தாங்கும், அதை முறை வைத்துக் குறைத்தால் கடைமடைச் சோளத்தைக் காப்பாற்றலாம் என்றாள். எந்த வயல் முதலில், எது அடுத்து என்று வரிசையும் போட்டிருந்தாள். என் வயல் மூன்றாவது.

குத்தாலிங்கம் அண்ணாச்சி எழுந்தார். “போன வாரம் ஒரு படம், இந்த வாரம் ஒரு படம். மொதப் படம் தப்புன்னா ரெண்டாவது எப்பிடி சரி? இது அண்ணன் தங்கச்சி கணக்கு. எங்க தண்ணியப் பிடுங்கி அண்ணன் வயலுக்குப் பாய்ச்ச வானத்துல இருந்து சாட்சி கொண்டாந்திருக்கு பிள்ள.”

சிரித்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. என் வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம். சோளம் கருகுனா கருகட்டும். மத்தவங்களுக்கு விடுங்க. என் தங்கச்சிய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

கடைமடைக்காரர்கள் விசில் அடித்தார்கள். மேல்மடையில்கூட இரண்டு பேர் கைதட்டினார்கள். கழுத்தில் மாலை விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

“தலைவர் அவர்கள் உட்காரணும்.”

சொன்னது வடிவு. எனக்குப் புரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

“உட்காருங்க” என்றாள் மறுபடியும். “இந்தப் படத்துல பேரு கிடையாது. ஈரம் மட்டும்தான் இருக்கு. அந்த வயல் காஞ்சு கிடக்குன்னு மண்ணு சொல்லுது. அதுக்குத் தண்ணி வேண்டாம்னு சொல்ல அதோட சொந்தக்காரருக்கே உரிமை இல்ல, ஏன்னா அவர் சொல்லுறது பயிருக்காக இல்ல, எனக்காக. என் அண்ணன்ங்கிறதுக்காக நான் கூட்டி வைக்கக் கூடாதுன்னா, என் அண்ணன்ங்கிறதுக்காகக் குறைச்சு வைக்கவும் கூடாது. அந்த வயல் மூணாவது. மூணாவதாத்தான் தண்ணி போகும்.”

நாலு பேர் முன்னால் என்னை உட்காரச் சொன்னவர்கள் இதுவரை இரண்டே பேர். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஒருத்தர். அவர் சொன்னபோது உட்காரவில்லை, வெளியே போய்விட்டேன். இன்று உட்கார்ந்தேன்.

பிறகு அவள் குத்தாலிங்கத்தைப் பார்த்தாள். “அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி. முதல் படம் தப்புன்னா ரெண்டாவதை ஏன் நம்பணும்? நம்ப வேண்டாம். நீங்களே இடத்தைக் காட்டுங்க. உங்களுக்குப் பிடிச்ச இடம். நீங்களே தோண்டுங்க. என் படம் அங்கே என்ன சொல்லுதுன்னு தோண்டுறதுக்கு முன்னாடியே போர்டுல எழுதிடுறேன். மண்ணை நிறுத்து, அடுப்புல ஒரு நாள் காயவச்சு, திரும்ப நிறுத்துவோம். குறைஞ்ச எடைதான் அதுல இருந்த தண்ணி.”

பெரிய இன்ஜினியர் சரி என்றார். அங்கேயே கிளம்பினோம். அண்ணாச்சி லேசுப்பட்ட ஆளில்லை. கால்வாய் கசிகிற இடம், ஆட்டுக்கிடை போட்ட இடம், இருக்கிறதிலேயே பள்ளமான இடம், தன்னுடைய தென்னந்தோப்பு என்று தேடித் தேடிக் காட்டினார். வடிவு ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயை அமுக்கினார். வியர்த்து ஊற்றியது.

டிசம்பர் 16

வேளாண்மை ஆபீசில் அத்தனை பேரும் தராசைச் சுற்றி நின்றோம். பெனடிக்ட் சார் ஒவ்வொரு டப்பாவாக நிறுத்து எடையைச் சத்தமாகச் சொல்ல, போர்டில் முன்பே எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் எழுதினார்கள். கசிகிற இடம், சரி. ஆட்டுக்கிடை, சரி. பள்ளம், ஒரு மயிரிழை வித்தியாசம். ஒவ்வொரு தடவையும் கடைமடைக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள், ஓட்டு எண்ணுகிற இடம் மாதிரி.

கடைசி டப்பா தென்னந்தோப்பு. படம் சொன்னது ஒன்று, மண் சொன்னது வேறு. பெரிய வித்தியாசம். மேல்மடைப் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. யாரும் பேசுவதற்குள் வடிவே சுண்ணாம்புக் கட்டியை வாங்கி அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“இது தப்பு. தென்னை மட்டைக்கு அடியில இருக்குற மண்ணை என் சேட்டிலைட்டால பாக்க முடியாது. தோப்புக்கு இந்தக் கணக்கை யாரும் நம்ப வேண்டாம்.”

அண்ணாச்சி தாடையைத் தடவினார். “அப்ப என் தோப்புக்கு?”

“உங்க தோப்புக்கு மம்பட்டிதான் அண்ணாச்சி.”

முதலில் சிரித்தது அண்ணாச்சிதான். பிறகு எல்லாரும். பெரிய இன்ஜினியர் அங்கேயே நின்று உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 19

என் முறை வந்தது. கால்வாய் லஸ்கர் மடையைத் தூக்கியதும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. கரிசல் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது களக் களக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டவர்களுக்குத் தெரியும். கணுக்கால் தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வடிவு வந்து ஈரத்தை அளந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் வரப்பிலிருந்து கத்தினாள். “அண்ணே, அந்த மூலைக்குப் போதும். அடைச்சிரு.”

அடைத்தேன். இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம்தான். ஆனால் எனக்கு அடுத்து ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 24

மத்தியான வெயிலிலும் தோகை சுருளவில்லை. கதிரில் பால் பிடித்திருக்கிறது.

ஜனவரி 6

பாசன சங்கத் தேர்தல். தோற்றுவிட்டேன். மேல்மடையில் ஓட்டு அதிகம். போன மாதத்தை அவர்கள் மறக்கவில்லை. குத்தாலிங்கம் அண்ணாச்சி தலைவர். எனக்கென்ன, இனிமேல் கூட்டத்துக்குச் சட்டை தேய்க்கிற வேலை மிச்சம்.

அண்ணாச்சி மாலையோடு எழுந்து பேசிய முதல் பேச்சிலேயே, வருகிற பருவத்துக்கும் சேட்டிலைட் கணக்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டார். தண்ணீரைக் குறைத்தும் அவர் நெல் தூர் கட்டி நிற்கிறது. “அந்தப் பிள்ளையே வரணும். தப்புன்னா தப்புன்னு சொல்லுத ஆளு நமக்கு வேற எங்க கிடைக்கும்?” என்றார்.

எனக்கு ஓட்டுப் போடாத மனுஷன் அவளுக்குப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து முப்பிடாதியிடம் தோற்ற கதையைச் சொன்னேன். “இம்புட்டுச் சிரிச்ச முகத்தோட தோத்த ஆள நான் பாத்ததில்ல” என்றாள்.

ஜனவரி 16

மூன்று நாளாக எழுத நேரமில்லை. பருவத்தின் கடைசிக் கணக்கைக் கொடுத்துவிட்டு வடிவு போகி அன்று பையோடு வந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு தூக்கம் தூங்கினாள், பொங்கலுக்குத்தான் எழுந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டு பேசினோம்.

“கூட்டத்துல உன்னை உக்காரச் சொன்னேனே. கோவம் வந்துச்சா?”

“வரல.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா வரல. அந்த நேரத்துல ஒண்ணுமே வரல. வீட்டுக்கு வந்த பெறவுதான் யோசிச்சேன். நான் எந்திரிச்சது உனக்காகன்னு நினைச்சேன். பாதி எனக்காகவும்தான். விசில் கேட்டதும் குளுகுளுன்னு இருந்துச்சு.”

அவள் சிரித்தாள். கரும்பை இன்னொரு கடி கடித்துவிட்டுச் சொன்னாள். “எனக்கும் அன்னைக்குப் பயம்தான் தெரியுமா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர், தப்பை வெளிய சொல்ல வேண்டாம், அடுத்த வாரக் கணக்குல சத்தமில்லாமத் திருத்திக்கிடலாம்னு சொன்னாரு. ரெண்டு நாளு நானும் அப்பிடிச் செஞ்சிரலாமான்னு நினைச்சேன் அண்ணே.”

“பெறவு?”

“அந்தத் தூளு கையில ஒட்டிக்கிட்டே இருந்துச்சு.”

கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு அவளே கேட்டாள். “மதினி போன் பண்ணலைன்னா நான் வந்து பாத்திருக்கவே மாட்டேன். நீ ஏன் பண்ணல?”

அடுக்களையில் முப்பிடாதி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

“நீ ஏன் லாட்ஜ்ல தங்குன?” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கரும்பை ஒடித்து என்னிடம் நீட்டினாள்.

பிப்ரவரி 3

அறுவடை மெஷின் வந்தது. கதிரெல்லாம் கை கொள்ளாத பருமன். தோகை சுருண்ட அந்த நாட்களின் தடம் சில கதிரின் நுனியில் தெரிகிறது, அரை விரற்கடைக்கு மணி இல்லாமல். மற்றபடி முத்து முத்தாக. கடைமடையில் இந்த மாதிரி அறுத்து நாளாகிறது. என் வயலுக்கு முன்னால் தண்ணீர் போன இரண்டு பேருக்கும், பின்னால் போனவர்களுக்கும் இதே கதைதான்.

வடிவு ஐதராபாத் போய்விட்டாள். அவளுக்கு ஒரு கதிரைப் படமெடுத்து அனுப்பினேன். “நுனியைக் காட்டு” என்று பதில் வந்தது. காட்டினேன். “இந்த நுனியும் அடுத்த வருசம் நிறையும்” என்று எழுதியிருந்தாள். நிறையும். அவள் சொன்னால் நிறையும்.

பிப்ரவரி 11

வீட்டு முன் களத்தில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. கைலியும் பனியனுமாக நின்று கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அறிமுகமில்லாத ஆட்கள். வேறொரு அணைப் பாசனத்துக்காரர்கள், நெடுந்தூரத்திலிருந்து வருகிறார்களாம். அங்கேயும் மேல்மடைக்கும் கடைமடைக்கும் அடிதடியாம், போன வருஷம் போலீஸ் வரைக்கும் போய்விட்டதாம்.

“சங்கத் தலைவரைப் பாக்கணுமா? அப்ப நீங்க வடமலைப்பேரிக்குப் போகணும். குத்தாலிங்கம் அண்ணாச்சிதான் இப்ப தலைவர்” என்றேன்.

“அவரு வீட்டுக்குத்தாங்க மொதல்ல போனோம். அவருதான் இங்க அனுப்புனாரு” என்றார் அவர்களில் பெரியவர். “மண்ணு ஈரம் பாக்குற அந்த விஞ்ஞானியம்மா. அவங்களோட அண்ணன் இங்கதான் இருக்காராம். அவரைக் கேட்டா எல்லாம் வெவரமா சொல்லுவாருன்னாரு. அது யாருங்க, நீங்களா?”

உள்ளே இருந்து முப்பிடாதி எட்டிப் பார்த்தாள். நான் கையில் இருந்த பலகையைக் கீழே வைத்தேன்.

“நான்தான்” என்றேன்.

தலைவராக இருந்த காலத்தில் இந்த வார்த்தையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், தேய்த்த சட்டையோடு. இன்று சொன்னதுபோல் ஒரு நாளும் சொன்னதில்லை.